மாரடிப்பான்

சொந்தக்காரர்களுக்கு நடுவே அவருக்கு 'வாழ்த்து' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. உறவுக்காரர்கள் வாயில் அது வந்து பல வருஷமாகிவிட்டது. யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் கல்யாண நாள், யார் பிள்ளை பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறியது, யார் வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டினார்கள், எதுவானாலும் முதல் வாழ்த்து அவரிடமிருந்துதான் வரும். அவரை உதாரணம் காட்டிப் பெண்கள் தங்கள் கணவன்மாரைக் குத்திக் காட்டுவார்கள். கணவன்மார் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். இப்படிக் கூடை கூடையாக நல்ல பெயர் வாங்கிக் குவித்திருந்த மனிதர், உள்ளதைச் சொன்னால், கையால் ஒருத்தரையும் வாழ்த்தியதில்லை.

அவர் வேலை பார்த்தது ஒரு லிஃப்ட் கம்பெனியில். லிஃப்டைத் தொட்டுப் பழுது பார்க்கும் வேலை இல்லை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றிருக்கிறது, எந்த மெக்கானிக்கை முதலில் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் நிரலை எழுதுவதும், அது தப்பாக முடிவு செய்யும்போது தலையைச் சொறிவதும் அவர் வேலை. ஜன்னல் இல்லாத அறை. சுவருக்கு அந்தப் பக்கம் புகார்ப் பிரிவு. அங்கே போன் செய்கிறவர்களுக்கு ஆள் கிடைக்கும்வரை ஒரு குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கும்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்." அது அவர் குரல்தான். வெளியே ஆள் வைத்துப் பேசவைக்க மனம் வராத மேலாளர், இருக்கிறவர்களையெல்லாம் பேசவைத்துப் பார்த்து, "உன் குரல்லதான்யா அக்கறை தெரியுது" என்று அவரைப் பொறுக்கி எடுத்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேர் அந்த அக்கறையைக் கேட்டுக்கொண்டே வியர்த்து வழிந்திருக்கிறார்கள்.

வாழ்த்துக் கதை தொடங்கியது ஒரு டயர் கடையில். மனைவியின் தங்கை கணவர், அதாவது சகலை, டயர் கடை வைத்திருந்தார். கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டி, அதைப் படமெடுத்துக் 'கூடம்' என்ற ஆப்பில் போட்டார். கூடம் எல்லோர் போனிலும் இருந்தது. நேரில் பார்த்தால் வழி மாறி நடக்கிற உறவுகள்கூட அதில் தினமும் கூடிப் படம் போட்டுப் பாராட்டிக்கொண்டார்கள். நம்மவர் வேலை மும்முரத்தில் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். "போர்டு வச்சேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா?" என்று சகலை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அந்த வீட்டுக்குப் போனால் மனைவிக்குச் சூடான டீயும் அவருக்கு ஆறிப்போன டீயும் வந்தன. ஆறு மாதம் ஆறிய டீ குடித்தபிறகு அவருக்கு ஞானம் பிறந்தது.

வெளியாட்கள் எழுதும் நிரல்களுக்காகக் கூடம் ஒரு பின்வாசல் திறந்து வைத்திருந்தது. நிரல் அந்த வாசலில் போய், 'இன்று யார் என்ன போட்டார்கள், யாருக்குப் பிறந்தநாள்' என்று கேட்டால் உள்ளேயிருந்து பதில் வரும். 'இதைப் பாராட்டி இப்படிப் போடு' என்றால் போட்டும் விடும். ஓசிதான். சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து அவர் ஒரு நிரல் எழுதினார். "அருமை!", "சூப்பர்!", "கண்ணு பட்டுடும் போ!", "இன்னும் நிறைய போடுங்க!" என்று ஒரு கைப்பிடி வசனங்களை அதன் வாயில் ஊட்டினார். முதல் மாதம் யாரோ ஒருவர் இறந்த செய்திக்கு அது "அருமை!" என்று சொல்லிவிட்டது. நல்லவேளை, இறந்தவர் அப்படிப்பட்டவர் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு 'காலமானார்' என்ற சொல் தெரிந்தால் வருத்தம் தெரிவிக்கும்படி ஒரு விதி சேர்த்தார். அந்த விதியில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மனைவிதான் அதற்குப் பெயர் வைத்தார். "பாசம் காட்ட ஆள் வச்சுட்டீங்க. கூலிக்கு மாரடிக்கிறவங்ககூட நெஞ்சுல ரெண்டு அடி அடிச்சுக்குவாங்க. இதுக்கு நெஞ்சும் கிடையாது" என்றார். அன்றிலிருந்து அது மாரடிப்பான்.

மாரடிப்பானுக்கு எல்லோரும் ஒன்றுதான், ஒரே ஒருவரைத் தவிர. அது அவருடைய அக்கா. மற்றவர்கள் பக்கத்தை அது அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அக்கா பக்கத்தை மட்டும் நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், முதல் பதில் தம்பியுடையதாகவே இருக்க வேண்டும் என்று தனி விதி எழுதியிருந்தார்.

அதற்குக் காரணம் உண்டு. முதன்முதலாக வேலை கிடைத்து அவர் வேறு ஊருக்குப் போனபோது, வீட்டுக்குக் கடிதம் எழுத மாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். சோம்பேறித்தனத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எனவே அக்கா ஒரு கட்டு தபால் அட்டை வாங்கி, தன் விலாசத்தைத் தானே எழுதி, பின்பக்கம் 'அன்புள்ள அக்காவுக்கு, நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்' என்றும் தானே எழுதி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பினாள். வாரத்துக்கு ஒன்றைத் தபால் பெட்டியில் போட வேண்டியது மட்டும் அவர் பொறுப்பு. போட்டார். கட்டு தீர்ந்தால் அடுத்த கட்டு வந்துவிடும். இந்த ஏற்பாடு பல வருஷம் நடந்தது. அப்படிப்பட்ட அக்காவுக்கு மாரடிப்பான் நிமிஷத்துக்கு ஒருமுறை கண் விழித்தால் ஒன்றும் தப்பில்லை என்று அவர் நினைத்தார். அக்காவும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தம்பிக்கு எவ்ளோ வேலை இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல பதில் போடுவான்" என்று சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள். கணவரை இழந்து, வேறு ஊரில் தனியாக இருந்தவளுக்குக் காலையில் எழுந்ததும் அந்தப் பதில் ஒரு துணையாக இருந்தது. அந்தத் துணைக்கு மட்டும் ஒரு குறையும் வரக்கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம்.

நல்ல பெயருக்கும் வாசனை உண்டு போலிருக்கிறது. முதலில் மோப்பம் பிடித்து வந்தவர் சித்தப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் அறைக் கதவைச் சாத்தினார். "எனக்கும் அதை மாட்டி விடேன்பா. கண்ணு தெரியல, விரல் வேற பெருசு, ஒண்ணத் தொட்டா ஒண்ணு போகுது. யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். அடுத்து வந்தது சாட்சாத் சகலையே. "கடையில கூட்டம் சகலை, முடியல. ஆனா இது நமக்குள்ளயே இருக்கட்டும்." அதன்பிறகு ஒவ்வொருவராக, ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதே கதவைச் சாத்திக்கொண்டு, அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். தான் ஒருத்தர்தான் திருட்டு வழியில் போகிறோம், மற்றவர்களெல்லாம் உண்மையாகவே உருகுகிறார்கள் என்றே ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

சித்தப்பாவின் மாரடிப்பான் சகலையின் பேத்தியைக் கொஞ்சியது. சகலையின் மாரடிப்பான் அதற்கு நன்றி சொல்லி, சித்தப்பாவின் மூட்டுவலி பூரணமாகக் குணமாக வாழ்த்தியது. குடும்பம் இத்தனை ஒற்றுமையாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. போன பிறந்தநாளன்று வந்து குவிந்த வாழ்த்துகளைப் பார்த்துச் சித்தப்பா கண்கலங்கிவிட்டார். அத்தனையையும் அனுப்பியது தன் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று நம்மவருக்குத் தெரியும். இருந்தும் தன் பிறந்தநாளுக்கு அதே கம்ப்யூட்டர் வாழ்த்தியபோது அவருக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அக்கா மட்டும் இதைக் கேட்டு வரவே இல்லை.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது.

'எங்கள் குடும்பத்தின் விலைமதிப்பற்ற உறுப்பினரே' என்று தொடங்கியதுமே அவர் கடைசிப் பத்திக்குத் தாவினார். விலைமதிப்பற்றவர் என்று ஒரு கம்பெனி சொன்னால் விலைப்பட்டியல் கீழே இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து பின்வாசலுக்குக் கட்டணம். நிரல் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் விலை. பெரிய கம்பெனிகள் அந்த வாசல் வழியாக வண்டி வண்டியாக அள்ளிப்போய்த் தங்கள் இயந்திரங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கின்றனவாம். அதற்காக விரித்த வலையில் இந்த நெத்திலியும் மாட்டிக்கொண்டது. பெருக்கிப் பார்த்தார். அவர் மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. அதில் பெரும்பங்கைத் தின்றது அக்காவுக்கான நிமிஷ விதி. பாசம் கூடின இடத்தில் பில்லும் கூடத்தானே செய்யும்.

ஆத்திரம் தாங்காமல் நேரே டயர் கடைக்குப் போனார்.

"என் அக்கா எடுத்த படம், என் அக்கா போன், என் அக்கா வீட்டு ஜன்னல். அதை நான் பார்க்குறதுக்கு நடுவுல காசு கேக்க இவன் யாரு சகலை?"

சகலை ஒரு டயரை உருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க எங்க பார்த்தீங்க? மெஷின்தானே பார்த்துச்சு. நீங்க கண்ணால பார்க்குறதுக்கு இப்பவும் ஓசிதானே?"

டயர்க்காரர்கள் எல்லாம் இப்படிப் பேச ஆரம்பித்தால் மனிதன் எங்கே போவது? திரும்பி வந்து, கூடத்துக்கு ஒரு நீண்ட முறையீடு எழுதினார். சாதாரண மனிதர்கள், குடும்பம், உறவு என்றெல்லாம் நெஞ்சு உருக எழுதியிருந்தார். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்.' அதைப் படிக்கும்போது அவர் காதில் அவருடைய குரலே கேட்டது.

மாரடிப்பான் வைத்திருந்தவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டணத்தைக் கட்டலாமா என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார். சித்தப்பா கொதித்துப்போனார். "பாசத்துக்குப் போய்க் காசு குடுக்கச் சொல்றியே, நாம என்ன அப்படிப்பட்ட குடும்பமா?" மற்றவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள், சிலர் இன்னும் கொஞ்சம் அழகாக. மாதம் பிறந்தது. பின்வாசல் சாத்திக்கொண்டது. மேஜைக்கு அடியிலிருந்த கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது.

கெட்ட நேரம், அதே வாரம் சித்தப்பாவுக்குப் பிறந்தநாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனைக் கையில் வைத்தபடி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வாழ்த்து வந்தது. ஒன்று பேங்கிலிருந்து, இன்னொன்று கண்ணாடிக் கடையிலிருந்து. அக்கா வழக்கம்போல் போனில் கூப்பிட்டுப் பேசினாள். அது வருஷா வருஷம் நடப்பதுதானே என்று சித்தப்பா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கேதான் நம் ஆட்களின் மூளையை மெச்ச வேண்டும். தன் வாழ்த்து ஏன் நின்றது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்: பாவம், மெஷின் நின்றுவிட்டது. ஆனால் அடுத்தவன் வாழ்த்து ஏன் நின்றது? அவனுக்குத் திமிர். சகலைக்குக் கடை ஓடுகிற கொழுப்பு என்றார் சித்தப்பா. கிழவருக்கு வயதானால் புத்தியும் போகுமா என்றார் சகலை. பேச்சு வார்த்தை நின்றது. வரவிருந்த ஒரு கல்யாணத்துக்கு யார் யார் போவதில்லை என்று பட்டியல் தயாரானது. வாழ்த்தே வாயை மூடிக்கொண்டதால் அவர்மேல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோபம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியத்தில் அவர் எல்லோரையும் சேர்த்து வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சத்தியம் செய்து தொலைத்திருந்தார். ஆலோசனை கேட்க மனைவியும் பக்கத்தில் இல்லை. மகளுக்குப் பிரசவ நேரம் என்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

எது எப்படிப் போனாலும் அக்காவுக்கு மட்டும் பதில் நிற்கக்கூடாது, கையாலேயே எழுதிவிடுவோம் என்று பின்வாசல் சாத்திய அன்றே முடிவு செய்திருந்தார். மறுநாள் காலை அக்கா ஜன்னலோரச் செடி ஒன்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். தொட்டியில் புதிதாக ஒரு துளிர். அவர் "அருமை" என்று அடித்தார். அது மாரடிப்பானின் வார்த்தை. அழித்தார். "சூப்பர்" என்று அடித்தார். அதுவும் அப்படியே. உலகத்தில் இருந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் அது எச்சில் பண்ணி வைத்திருந்தது. சரி, இதுவரை என்னதான் சொல்லியிருக்கிறோம் என்று பார்க்க அக்காவின் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளினார். அவற்றை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

ஒரு படத்தில் ஒரு நாற்காலி. மாமா, அக்காவின் கணவர், உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நாற்காலி. 'இன்னியோட ஒரு வருஷம்' என்று மட்டும் அக்கா எழுதியிருந்தாள். அதில் 'காலமானார்' என்ற சொல் இல்லை. கீழே தம்பியின் பதில்: "கண்ணு பட்டுடும் போ!" அதற்குக் கீழே அக்கா: "நன்றிடா தம்பி."

இன்னும் தள்ளினார். சில மாதங்களுக்கு முந்தைய படம் ஒன்று. முழங்காலிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்ட ஒரு கால். 'மாடிப்படியில வழுக்கிட்டேன். எலும்பு முறிவாம்.' தம்பியின் பதில்: "சூப்பர்! இன்னும் நிறைய போடுங்க!" கீழே அதே "நன்றிடா தம்பி."

அக்காவுக்குக் கால் ஒடிந்ததே அவருக்குத் தெரியாது. இந்த மாதங்களில் போனில் பேசவில்லையா என்றால், பேசவில்லை. அதுதான் கூடத்தில் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று இருந்துவிட்டார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை.

அன்று அவர் பதில் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். திரையில் அவள் பெயர். கண்டுபிடித்துவிட்டாள், கேட்கப் போகிறாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஆபீஸில் இருக்கும்போது அடித்தது. டிராயருக்குள் போட்டு மூடினார். டிராயருக்குள் போன் அதிர்ந்தபடி நகர்ந்து, பேனாக்களையெல்லாம் உருட்டியது. எப்படியும் எடுக்கத்தான் வேண்டும், சொல்லத்தான் வேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினார்.

அதற்குள் குடும்பச் சண்டை தீர்ந்தும்விட்டது. பின்வாசலைச் சாத்திய கூடம், முன்வாசலில் புதிதாக ஒரு பொத்தானை வைத்தது. 'தானாக வாழ்த்து.' அமுக்கினால் போதும், உங்கள் பெயரில் கூடமே எல்லோரையும் வாழ்த்தும். வாழ்த்துக்குக் கீழே சின்னதாக ஒரு மெத்தை விளம்பரம் வரும். ஓசி. சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் அமுக்கினார்கள், எல்லோரும் ரகசியமாக. மெத்தை விளம்பரம் எல்லா வாழ்த்திலும் இருந்தும், அடுத்தவன் கையால்தான் எழுதியிருக்கிறான் என்று நம்ப அது யாருக்கும் தடையாக இல்லை. சித்தப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒரு வாரம் கழித்து வந்து கொட்டியது. 'தாமதமானாலும் மனசுல இருந்து வந்தது' என்று சகலையை மன்னித்தார். கல்யாணத்துக்கு எல்லோரும் போவதாகவும் முடிவானது. நம்மவர் கஷ்டப்பட்டு எழுதி, சத்தியம் காத்து, ஆறிய டீ குடித்துப் படைத்த ஒன்றைக் கம்பெனிக்காரன் ஒரே பொத்தானில் முடித்துவிட்டான். வயிற்றெரிச்சலாக இருந்தது. அவர் அந்தப் பொத்தானை அமுக்கவில்லை. அக்காவிடமிருந்தும் அந்த மெத்தை வாழ்த்து யாருக்கும் போனதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பனியனோடு அரை முகத்துக்குச் சவர நுரை பூசியிருந்தபோது யாரோ கதவை இடித்தார்கள். தட்டவில்லை, இடித்தார்கள். திறந்தார்.

அக்கா நின்றிருந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் கைத்தடி. மூச்சு இரைத்தது, நெற்றியில் வேர்வை கோடு கோடாக வழிந்தது. அவர் வீடு நாலாவது மாடி. கட்டடத்து லிஃப்ட் ஒரு வாரமாக நின்றிருந்தது. அதைப் பராமரிப்பதும் அவருடைய கம்பெனிதான். நாலு மாடிக்கு மேல் இல்லாத கட்டடங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிரலில் விதி எழுதியவரும் அவர்தான்.

அக்கா கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், கையில் ஒட்டிய நுரையைப் பார்த்தாள். அப்புறம் கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உசுரோடதான் இருக்கியா?" என்றாள். "தண்ணி குடு."

சொம்பு நிறையக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஏன்டா போன் எடுக்கல? பொண்டாட்டிக்குப் போட்டுக் கேக்கலாம்னா, பிரசவத்துக்குப் போனவகிட்ட உன் புருஷன் போன் எடுக்கலன்னு சொல்லி வயித்தக் கலக்கச் சொல்றியா? ஆபீசுக்குப் போட்டேன். நீதான் எடுத்த."

"நானா?"

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்னியே. எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? உன் குரல்தான். ஆனா எப்பப் பேசி வச்சதோ. செத்துப்போனவன் பேசி வச்சிருந்தாலும் அப்படித்தானே பேசும்?" அவள் ஒருமுறை செருமிக்கொண்டாள். "கடைசியில ஒரு பொண்ணு எடுத்துச்சு. எந்த லிஃப்ட்ல மாட்டியிருக்கீங்கன்னு கேட்டுச்சு. நான் மாட்டலம்மா, என் தம்பியத்தான் காணோம்னேன். அது எங்க பிரிவு இல்லைன்னு வச்சுடுச்சு."

அவர் நுரையைத் துண்டால் துடைத்தார். இனி நாளைக்கு என்று தள்ள இடமில்லை.

"அக்கா, அந்தப் பதிலெல்லாம் நான் போட்டதில்ல. ஒரு மெஷின் போட்டுச்சு."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"கால் ஒடிஞ்ச அன்னியிலேருந்து. சூப்பர், இன்னும் நிறைய போடுங்கன்னு வந்துச்சு. இன்னும் நிறைய கால்ல கட்டு போட நான் என்ன பூரானா? என் தம்பி மடையன்தான், ஆனா அவ்வளவு மடையன் இல்ல. அதுவும் என்னைப் போய் 'போடுங்க'ன்னு எப்படா சொல்லியிருக்க?"

"தெரிஞ்சுமா தினம் நன்றின்னு போட்ட?"

"அட்டை ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா. "நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். யார் எழுத்து அது? என் எழுத்து. அதைப் படிக்கவா வாரம் பூரா காத்திருந்தேன்? அட்டை வந்துடுச்சுன்னா, நீ எழுந்து நடந்து போய்ப் பெட்டியில போட்டிருக்க. கை காலு நல்லா இருக்குன்னு அர்த்தம். இதுவும் அப்படித்தான்னு இருந்தேன். மெஷினா இருந்தாலும் நீ தினம் சாவி குடுக்கணும்ல?"

சாவி கொடுக்க வேண்டியதில்லை, அக்கா. மின்சாரம் இருந்தால் போதும். நான் செத்து மாதக்கணக்கானாலும் அது உன் ஜன்னல் செடியைப் பார்த்து அருமை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். இதை அவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். சொல்லவில்லை.

"அது நின்னதும் சித்தப்பா உனக்குத் திமிருன்னாரு. உன் சகலை, உனக்குக் காசு வந்துடுச்சுன்னு சொன்னான். எனக்கு மட்டும்தான்டா பயமா இருந்துச்சு" என்றாள். "முகத்தக் கழுவிட்டு வர்றேன். மீதி மூஞ்சிய நீ மழிச்சு முடி, பார்க்கச் சகிக்கல."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அவர் அதைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. போனை எடுத்து, அந்த மாவுக்கட்டுப் படத்தைத் தேடிப் பிடித்தார். "சூப்பர்! இன்னும் நிறைய போடுங்க!" அதற்குக் கீழே "நன்றிடா தம்பி." அதற்குக் கீழே காலியாக இடம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்: "கால் எப்படி இருக்கு அக்கா?"

முகம் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த அக்காவின் பைக்குள் போன் ஒலித்தது. எடுத்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டினாள். நீண்ட நேரம் படித்தாள், அத்தனை நீளமாக அதில் ஒன்றும் இல்லை என்றாலும். அவர் பக்கம் திரும்பவில்லை. ஒற்றை விரலால், உதட்டை அசைத்தபடி, மெதுவாக அடித்தாள். அவர் போன் ஒலித்தது.

"நாலு மாடி ஏறுனதுல வலிக்குது. மொதல்ல லிஃப்ட்டச் சரி பண்ணு."